கண்ணாடிக்குப் பின்னால் வேகாத போன்: காரில் வழி பார்க்க எதை வாங்குவது?

விமான நிலையம் பக்கமிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்து கத்திப்பாராவை நெருங்குகிறீர்கள். கிண்டிக்கு நேரே போவதா, வடபழனிப் பக்கம் வளைவதா, போரூர் ரோட்டைப் பிடிப்பதா என்று முடிவெடுக்கக் கிடைப்பது சில விநாடிகள்தான். 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 14 மீட்டர் ஓடுகிறது. போன் இரண்டு விநாடி தாமதமாக உங்கள் இடத்தைக் காட்டினால் 28 மீட்டர் போயிற்று, திரும்ப வேண்டிய கிளையும் போயிற்று. அடுத்த யூ-டர்ன் எங்கே என்று தேட வேண்டியதுதான்.

காருக்கென்று போன் வாங்குபவர்கள் பெரும்பாலும் கேமராவையும் ப்ராசஸரையும் பார்க்கிறார்கள். வழி காட்டும் வேலைக்கு இரண்டும் பெரிதாக உதவாது. மேப் ஓட்ட, இன்று 15,000 ரூபாய்க்குக் கிடைக்கும் போனின் ப்ராசஸரே தாராளம். காரியத்தைக் கெடுப்பவை வேறு: வெயிலில் மங்கும் திரை, சூட்டில் திணறும் பேட்டரி, கார் திரும்புவதை உணரும் கைரோ சில்லு இல்லாத போர்டு, பேருக்கு மட்டும் சார்ஜ் ஏற்றும் காரின் யூ.எஸ்.பி. ஓட்டை. இந்த நாலையும் தாண்டாத போனில் எத்தனை சாட்டிலைட் வகை எழுதியிருந்தாலும் பிரயோசனமில்லை.

சூடும் வெளிச்சமும்

ஐபோனைப் பயன்படுத்தும் இடத்தின் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்று ஆப்பிளே சொல்கிறது. மற்ற கம்பெனி போன்களும் இதற்கு ரொம்ப விலகிப் போவதில்லை. மே மாதம் வெயிலில் நிறுத்திவைத்த காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும். ஏ.சி. போட்டு உள்ளே குளிர்ந்த பிறகும் முன் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் போன்மீது வெயில் நேராக விழுந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் போன் செய்துகொண்டிருக்கும் வேலைகளை எண்ணிப் பாருங்கள்: திரை முழு வெளிச்சத்தில், ஜி.பி.எஸ். ஓயாமல், டேட்டா ஓயாமல், கூடவே சார்ஜும் ஏறுகிறது. நான்குமே சூடு கிளப்புபவை.

சூடு எல்லை தாண்டினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் திரையை மங்க வைக்கும். அடுத்து சார்ஜ் ஏற்றுவதைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது அதன் ஆயுளைத் தின்றுவிடும் என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். பிறகு ப்ராசஸரின் வேகத்தைக் குறைக்கும். மேப் விட்டுவிட்டு நகரும். கடைசியில் சூடு தணியும்வரை பயன்படுத்த முடியாது என்ற அறிவிப்பு வந்து நிற்கும். 'ஒயர் சொருகியிருந்தும் சார்ஜ் ஏறவில்லை' என்ற புகாரில் பாதி, சார்ஜரின் குற்றமே இல்லை.

திரையின் வெளிச்சத்தைச் சொல்லும் நிட்ஸ் கணக்கில் விளம்பரம் நிறையவே விளையாடுகிறது. 2,000, 3,000 என்று பெட்டியில் போடுவது திரையின் ஒரு சிறு பகுதி ஒரு கணம் எட்டும் உச்சம். காருக்கு வேண்டியது, முழுத் திரையும் வெயிலில் தொடர்ந்து காட்டும் அளவு. ஸ்பெக் தாளில் ஹை ப்ரைட்னஸ் மோட் அல்லது எச்.பி.எம். என்று தனியாகப் போட்டிருந்தால் அந்த எண்ணைப் பாருங்கள். 800 முதல் 1,000 நிட்ஸ் இருந்தால் பகல் பயணத்துக்குத் தாங்கும். 500-க்குக் கீழே என்றால் மதியம் 2 மணிக்கு மேற்கே போகும்போது உங்கள் சட்டைதான் திரையில் தெரியும். இன்னொன்று: பல போன்களில் ஆட்டோ ப்ரைட்னஸ் போட்டிருந்தால்தான் இந்த எச்.பி.எம். வேலை செய்யும். கையால் முழுக்க ஏற்றி வைத்துவிட்டு 'திரை மங்கல்' என்று சொல்பவர்கள் அந்தப் பொத்தானை ஒருமுறை தட்டிப் பார்க்கலாம்.

போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டு ஓட்டுபவர்கள் கடையிலேயே அதை மாட்டிக்கொண்டு போனை நெட்டாகவும் படுக்கையாகவும் பிடித்துப் பாருங்கள். சில எல்.சி.டி. திரைகள் ஏதாவது ஒரு பக்கம் கறுத்துப்போகும். காரில் போனை நெட்டாக வைப்பதுதான் நல்லது. முன்னால் வரும் ரோடு அதிக தூரம் தெரியும். இரண்டு திருப்பம் முன்கூட்டியே கண்ணில் படும்.

சூட்டைக் குறைக்கச் செலவில்லாத வழிகள் இருக்கின்றன. பின் கவரைக் கழற்றிவிடுங்கள். திரை புதுப்பிக்கும் வேகத்தை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். மேப்புக்கு 120 தேவையில்லை. சாட்டிலைட் படத்தை அணைத்துவிட்டுச் சாதா மேப்பில் ஓட்டுங்கள், டேட்டாவும் மிச்சம். எல்லாவற்றையும்விடப் பெரிய பலன் தருவது, ஏ.சி. காற்று போனின் முதுகில் படும்படி வைப்பது.

ஹோல்டரும் சார்ஜரும்

அதனால்தான், ஏ.சி. வென்ட்டில் மாட்டும் ஹோல்டரை மட்டம் என்று ஒதுக்குபவர்களோடு ஒத்துப்போக முடியவில்லை. நம் ஊர் வெயிலுக்கு அதுதான் சரி. அதன் பலவீனம் எடை: 200 கிராமைத் தாண்டும் போனும் கவரும் சேர்ந்தால், பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் வென்ட்டின் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை நெம்பும். ஒரு தகட்டை மட்டும் கவ்வும் க்ளிப்பைத் தவிருங்கள். கொக்கி பின்னால் போய் மாட்டிக்கொண்டு, கீழே ஒரு கால் ஊன்றி நிற்கும் வகை தாங்கும். வட்ட வென்ட் உள்ள கார்களுக்கு இது ஒத்துவராது. ஊட்டி, கொடைக்கானலில் காலையில் ஹீட்டர் போடும்போது அதே வென்ட் போனைச் சுடவைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த வென்ட்டை மட்டும் மூடிவிடுங்கள்.

கண்ணாடியில் ஒட்டும் உறிஞ்சு வகையில் கழுத்து நீளமாக இருந்தால் திரை நடுங்கிக்கொண்டே இருக்கும். எழுத்தைப் படிக்க முடியாது. குட்டைக் கழுத்தும் மேலே இன்னொரு பிடியும் உள்ளதை வாங்குங்கள். ஒட்டுவதற்கு முன் கண்ணாடியைத் துடைத்து, உறிஞ்சுக் கப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, உலர்த்தி, அழுத்திப் பிடித்து லீவரைப் பூட்ட வேண்டும். தூசி பட்ட கப், வெயில் ஏறியதும் தானே கழன்று காலடியில், சில நேரம் பிரேக் பெடலுக்கே அடியில், போய் விழும். இடது முன் சீட்டின் எதிரே உள்ள ஏர்பேக் மூடியின் மேல் எதையும் ஒட்டாதீர்கள். ஏர்பேக் விரியும்போது அந்த ஹோல்டர் முகத்தை நோக்கிப் பறந்து வரும்.

காந்த ஹோல்டரைப் பற்றி ஒரு பயம் உலவுகிறது: ஜி.பி.எஸ்.ஸைக் கெடுத்துவிடும் என்று. சாட்டிலைட் சிக்னலைக் காந்தம் ஒன்றும் செய்யாது. அது குழப்புவது போனுக்குள் இருக்கும் திசைகாட்டியை. கார் ஓடும்போது திசையை அசைவிலிருந்தே போன் கணக்கிட்டுக்கொள்ளும் என்பதால் தெரியாது. சிக்னலில் நிற்கும்போது அம்பு தன்போக்கில் சுழன்றால் இந்தக் காந்தம்தான் காரணம். பத்துப் பதினைந்து மீட்டர் நகர்ந்ததும் சரியாகிவிடும்.

சார்ஜரில் கணக்கு எளிது. வழிகாட்டி ஓடும்போது போன் சுமார் 3 முதல் 5 வாட் தின்னும். பழைய கார்களின் ஸ்டீரியோவில் இருக்கும் யூ.எஸ்.பி. ஓட்டை, பாட்டு படிக்க வைத்தது; 5 வோல்ட், 0.5 ஆம்பியர், ஆக மொத்தம் 2.5 வாட். ஒயர் சொருகியிருக்கும், சார்ஜ் அடையாளமும் தெரியும், சென்னையிலிருந்து திருச்சி போவதற்குள் பேட்டரி பாதியாகியிருக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் பி.டி. (பவர் டெலிவரி) வகை சார்ஜர், 18 முதல் 30 வாட், நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்கினால் போதும். உங்கள் போன் வீட்டில் 67 வாட்டில் ஏறும், காரில் அந்த வேகம் வரவில்லையே என்று வருந்த வேண்டாம். தத்தம் கம்பெனி சார்ஜரில் மட்டும் அந்த வேகம் வரும். காரில் மெதுவாக ஏறுவது சூட்டுக்கும் நல்லது. கேபிள் ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம். மெல்லிய நீளக் கேபிளில் வோல்டேஜ் வழியிலேயே இறங்கிவிடும்.

காரோடு வரும் வயர்லெஸ் சார்ஜிங் மேடை பார்க்க அழகு. வழி பார்க்கும்போது அதில் போனை வைப்பது அடுப்பில் வைப்பதற்குச் சமம்: ஏறாமல் வீணாகும் மின்சாரம் முழுக்கச் சூடாகப் போனின் முதுகில் இறங்கும்.

மலிவு சார்ஜரிலும் டேஷ்கேமிலும் இன்னொரு தொல்லை உண்டு. கவசமில்லாத மின்சுற்று கிளப்பும் இரைச்சல், பலவீனமான ஜி.பி.எஸ். சிக்னலை அமுக்கிவிடும். டேஷ்கேமை ஆன் செய்ததும் போன் இடம் தெரியாமல் தவிக்கிறது என்றால், அதன் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். சரியானால், போனை அதைவிட்டு ஓர் அடியாவது தள்ளி வையுங்கள்.

எல்5, நாவிக், கைரோ

இனி சாட்டிலைட். சாதாரண ஜி.பி.எஸ். போன்கள் எல்1 எனப்படும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் கேட்கும். வானம் திறந்த இடத்தில் சுமார் 5 மீட்டர் துல்லியம் கிடைக்கும். தூரத்தைச் சிக்னல் வந்து சேரும் நேரத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஒரு நானோ விநாடிப் பிழை 30 சென்டிமீட்டர் பிழை. உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் நேராக வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது பயண தூரம் கூடிவிடுகிறது. போனும் உங்களைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

எல்5 எனப்படும் 1176.45 மெகாஹெர்ட்ஸையும் சேர்த்துக் கேட்கும் இரட்டை அலைவரிசை போன்கள் இதைச் சமாளிக்கும். எல்5-இன் குறியீடு எல்1-ஐவிடப் பத்து மடங்கு வேகமாகத் துடிப்பது. நேராக வந்த சிக்னலையும் சுவரில் பட்டு வந்ததையும் அதனால் எளிதில் பிரித்தறிய முடிகிறது. 2018-இல் வந்த சியோமி மி 8 இந்த வசதியோடு வந்த முதல் போன். ஐபோனில் 14 ப்ரோவில்தான் இது வந்தது; சாதாரண 15-இல் இல்லை, 15 ப்ரோவில் உண்டு. ஆண்ட்ராய்டில் விலை ஒரு நல்ல வழிகாட்டி இல்லை. நடுத்தர விலையில் இருப்பதும் உண்டு, அதே கம்பெனியின் அடுத்த மாடலில் காணாமல்போவதும் உண்டு. ஒவ்வொரு மாடலுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும்.

நாவிக் என்ற முத்திரைக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஜி.பி.எஸ். மாதிரி இஸ்ரோ உருவாக்கிய இந்தச் சாட்டிலைட் அமைப்பு போனுக்குள் வந்தது 2020-இல், ஸ்னாப்டிராகன் 720ஜி, 662, 460 ஆகிய சிப்களோடு. பழைய நாவிக் சாட்டிலைட்டுகள் எல்5-இலும் எஸ் பேண்டிலும் மட்டும் பேசும். எல்1-ஐச் சேர்த்துக்கொண்டு போன முதல் சாட்டிலைட் 2023 மே 29-இல் ஏவிய என்.வி.எஸ்.-01. அணுக் கடிகாரக் கோளாறால் பழையவற்றில் சில முடங்கின. 2025 ஜனவரியில் ஏவிய என்.வி.எஸ்.-02, போகவேண்டிய சுற்றுப்பாதையை எட்டவில்லை. ஆக, இப்போதைக்கு நாவிக் என்பது ஜி.பி.எஸ்., க்ளோனாஸ், கலிலியோ, பெய்டோ ஆகிய வெளிநாட்டு அமைப்புகளோடு கிடைக்கும் கொசுறு. ஆனால் அந்தக் கொசுறில் ஒரு மறைமுக லாபம் இருக்கிறது. பழைய நாவிக் சாட்டிலைட்டுகளைக் கேட்க எல்5 வேண்டும் என்பதால், அவற்றைப் பிடிக்கும் போனின் ஏரியலும் சிப்பும் எல்5-க்குத் தயாராக இருக்கின்றன என்று அர்த்தம்.

கைரோவைப் பற்றிக் கடைக்காரர் யாரும் பேசமாட்டார். காரில் இதன் வேலை பெரியது. அசோக் நகரிலிருந்து கோயம்பேடு வரை 100 அடி ரோட்டின் தலைக்கு மேலே மெட்ரோ பாலம் போகிறது. பாலத்தை ஒட்டி ஓடும்போது வானத்தில் பாதி மறைந்துவிடும். சுரங்கப்பாதைக்குள் முழுதும் மறையும். அப்போது கார் எவ்வளவு திரும்பியது என்பதைக் கைரோ சொல்ல, போன் ஊகித்து அம்பை நகர்த்தும். கைரோ இல்லாத போனில் அம்பு நின்றுவிடும், அல்லது நேராகவே போய் வெளியே வந்ததும் துள்ளிக் குதித்து வேறிடத்தில் உட்காரும். மலிவு போன்களின் ஸ்பெக் தாளில் 'விர்ச்சுவல் கைரோ' என்று இருந்தால், அந்தச் சில்லு உள்ளே இல்லை, மற்ற சென்ஸார்களை வைத்துச் சமாளிக்கிறார்கள் என்று அர்த்தம். காருக்கென்றால் அந்த மாடலைத் தாண்டிப் போங்கள். எல்5-ஐயும் கைரோவையும் எதிரெதிரே வைத்து ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், நான் கைரோவுக்கே ஓட்டுப் போடுவேன்.

கடை வாசலில் பத்து நிமிடம்

காட்சிக்கு வைத்த போனைக் கையில் கொடுக்கும் கடையாகப் பார்த்துப் போங்கள். சாம்சங்கில் டயல் திரையில் *#0*# அடித்தால் சோதனைப் பக்கம் திறக்கும். சென்ஸார் என்பதைத் தொட்டால் கைரோ வரி தனியாகத் தெரியும், போனைத் திருப்பினால் எண்கள் ஆடும். சியோமியில் *#*#6484#*#* அடிக்க வேண்டும். மற்றவற்றுக்கு, சென்ஸார்களைக் காட்டும் இலவச ஆப் ஏதாவது ஒன்று போதும்.

அடுத்து ஜி.பி.எஸ். டெஸ்ட் என்ற இலவச ஆப்பை ஏற்றி, போனோடு வாசலுக்கு வாருங்கள். கான்க்ரீட் கூரைக்கு அடியில் நின்று சோதிப்பதில் பயனில்லை. ஒவ்வொரு சாட்டிலைட்டுக்கும் ஒரு வரி இருக்கும். பக்கத்தில் அந்த நாட்டின் கொடி, அடுத்து அலைவரிசை, அடுத்து சிக்னல் வலிமை. மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, அலைவரிசைப் பத்தியில் எல்1 மட்டும் இருக்கிறதா, எல்5-உம் வருகிறதா? ஸ்பெக் தாள் பொய் சொன்னாலும் இந்தப் பத்தி சொல்லாது. இரண்டு, வலிமை எண். திறந்த வானத்தில் 35-க்கு மேல் பல சாட்டிலைட்டுகள் நின்றால் நல்ல ஏரியல். எல்லாமே 25-ஐச் சுற்றித் தடவினால் காருக்குள் போனதும் திணறும். மூன்று, கண்ணில் படுபவை எத்தனை, கணக்கில் சேர்ப்பவை எத்தனை என்ற வித்தியாசம். 40 தெரிந்து 8 மட்டும் சேர்ந்தால் எண்ணிக்கை வெறும் அலங்காரம்.

பிறகு டேட்டாவை அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். டேட்டா இருக்கும்போது சாட்டிலைட்டுகளின் பாதை விவரத்தை நெட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போன் சில விநாடியில் இடம் பிடித்துவிடும். இல்லாதபோது அதைச் சாட்டிலைட்டிடமிருந்தே கேட்டு வாங்க வேண்டும். அது விநாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில், 30 விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே ஒரு நிமிடம் வரை ஆகலாம். இடையில் மரமோ கட்டடமோ மறைத்தால் முதலிலிருந்து. மலைப்பாதையில் டவர் இல்லாத இடத்தில் போனை ரீஸ்டார்ட் செய்தவர்கள் அவதிப்படுவது இதனால்தான். ஏறுவதற்கு முன்பே, அடிவாரத்திலேயே மேப்பைத் திறந்துவைத்துவிடுங்கள். ஐபோனில் இந்தச் சாட்டிலைட் விவரங்களை ஆப்களுக்கு ஆப்பிள் தருவதில்லை, அதனால் அங்கே ஸ்பெக் தாளை நம்புவதுதான் வழி.

வாங்கிய பிறகு அதே சோதனையைக் காருக்குள், ஹோல்டரில் வைத்து ஒருமுறை செய்யுங்கள். வெளியே 38 காட்டியது உள்ளே 33 என்றால் இயல்பு. 20-க்கு விழுந்தால் கண்ணாடியைச் சந்தேகியுங்கள். சூட்டைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி உள்ள கார்களில், ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் பூச்சு இல்லாத ஒரு சிறு பட்டை விட்டிருப்பார்கள். போனை அதன் அருகே கொண்டுபோனால் எண்கள் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

போன் இல்லாத வழிகள்

டேப்லெட் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ். கிடையாது. சிம் போடும் ஐபேடில்தான் உண்டு. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் வைஃபை மாடலிலேயே ஜி.பி.எஸ். இருப்பதும் உண்டு, மாடலுக்கு மாடல் மாறும். பத்து அங்குலத் திரையை வைக்க சின்ன காரில் பார்வையை மறைக்காத இடம் எங்கும் இல்லை என்பது இன்னொரு விஷயம். எட்டு அங்குலம் வேன், டூரிஸ்ட் வண்டிகளுக்குச் சரி.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனைக் காருக்கென்றே ஒதுக்குவது நல்ல யோசனை, இரண்டு நிபந்தனையோடு. ஏற்கெனவே பேட்டரி உப்பத் தொடங்கிய போன் வேண்டாம். வெயிலில் மூடிய காருக்குள் அது ஆபத்து. காரை நிறுத்தும்போதெல்லாம் கையோடு எடுத்துப் போக வேண்டும் அல்லது குறைந்தது சீட்டுக்கு அடியில் நிழலில் வைக்க வேண்டும். நெட்டுக்கு உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டே போதும். சாதா மேப் மணிக்குச் சில எம்.பி.தான் தின்னும்.

போனின் மேப்பைக் காரின் திரையிலேயே காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்ப்ளே காரில் ஏற்கெனவே இருந்தால் தனிக் கருவி வாங்கத் தேவையில்லை. போனில் ஆண்ட்ராய்டு 9-க்குக் கீழே இருந்தால் ஆட்டோ ஓடாது. ஒயர் இல்லாமல் இணைக்கப் பெரும்பாலான போன்களுக்கு 11 வேண்டும். ஒரு தப்பு மட்டும் பலரும் செய்கிறார்கள். மேப் பெரிய திரையில் தெரிகிறதே என்று போனைக் கை வைக்கும் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். சில கார்கள் தங்கள் ஏரியலின் தகவலைப் போனுக்குக் கொடுக்கும். மற்றவற்றில் இடம் பிடிப்பது பெட்டிக்குள் கிடக்கும் அந்தப் போன்தான். அதற்கு வானமும் தெரியாது, காற்றும் கிடையாது.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி கார் ஆக்சஸரீஸ் கடைகளில் மாட்டித் தரும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களில் திரை பெரிது, வெளிச்சம் குறைவு. பெட்டியில் போட்டிருக்கும் ரேமும் ஆண்ட்ராய்டு எண்ணும் உள்ளே இருப்பதோடு ஒத்துப்போகாத சரக்குகள் நிறையவே புழங்குகின்றன. வழி காட்டுவதில் அவை சொதப்பும் முதல் காரணம் மாட்டும் விதம். கூடவே வரும் தீப்பெட்டி அளவு ஜி.பி.எஸ். ஏரியலை, ஒயர் தெரியக் கூடாதென்று ஸ்டீரியோவுக்குப் பின்னால் இரும்புச் சட்டத்துக்குள் திணித்துவிடுவார்கள். அதை டேஷ்போர்டின் மேல், கண்ணாடிக்கு அடியில், முகம் வானத்தைப் பார்க்க ஒட்டச் சொல்லுங்கள். பேனலை மூடுவதற்கு முன்பே நின்று சொல்ல வேண்டும்; மூடிய பிறகு மறுபடி கழற்ற யாரும் இஷ்டப்படமாட்டார்கள்.

எந்த மேப்

கருவி எதுவானாலும் நெரிசல் தெரிய வேண்டுமென்றால் கூகுள் மேப்ஸ்தான். மேம்பாலத்தில் ஏறுவதா அடியில் போவதா என்று சொல்லும் வசதியை இந்தியாவில் 2024-இல் கொண்டுவந்தார்கள். குறுகிய சந்துகளைத் தவிர்த்துக் காருக்கு வழி சொல்வது சென்னை, கோவை உட்பட எட்டு நகரங்களில் தொடங்கியது. மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ், பெரிய சந்திப்புகளை முப்பரிமாணப் படமாகக் காட்டும். கத்திப்பாரா, மதுரவாயல் மாதிரி இடங்களில் எந்தக் கிளை என்று ஒரே பார்வையில் புரிய அது வசதி. ஆர்கானிக் மேப்ஸ் நெட்டே இல்லாமல் ஓடும். நெரிசல் தெரியாது, கடைப் பெயர் தேடினால் கிடைப்பது அதிர்ஷ்டம். மலைக்கும் காட்டுக்கும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கூகுளிலும் ஆஃப்லைன் மேப் உண்டு. உங்கள் படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் மேப்ஸ் என்பதில் போய், கட்டத்தை இழுத்துப் போகும் பகுதி முழுவதையும் அடக்கி, வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள். சேரும் ஊரை மட்டும் இறக்கினால் போதாது. இடையில் வரும் மலைப்பாதையும் கட்டத்துக்குள் வர வேண்டும். நெட் இல்லாதபோது கார் வழி மட்டும் கிடைக்கும். நெரிசலும் மாற்றுப் பாதையும் கிடைக்காது.

செட்டிங்கில் இரண்டு இடத்தைத் தொட்டுவிடுங்கள். மேப்புக்கான லொக்கேஷன் அனுமதியில் 'ப்ரிசைஸ்' ஆன் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் எல்5 இருந்தும் கிலோமீட்டர் கணக்கில் தப்பும். சியோமி, விவோ, ஓப்போ போன்களில் பேட்டரி மிச்சப்படுத்தும் பட்டியலிலிருந்து மேப்பை விலக்குங்கள். கால் வந்து பேசி முடித்துத் திரும்பினால் வழிகாட்டி செத்துக் கிடப்பது இதனால்தான். குரல் தமிழில் வேண்டுமென்றால் வழிகாட்டிச் செட்டிங்கிலேயே மாற்றலாம். ப்ளூடூத் வழியாகக் கேட்கும்போது சில ஸ்டீரியோக்கள் முதல் சொல்லை விழுங்கிவிடும், 'இடது' போய் மீதி மட்டும் கேட்கும். அப்படியென்றால் குரலைப் போனின் ஸ்பீக்கரிலேயே வர வையுங்கள்.

ஓட்டும்போது போனைக் கையில் எடுக்கவே கூடாது. 2020 அக்டோபர் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதியில், கவனம் சிதறாத வகையில் வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். ஹோல்டரில் இருக்கும் போனுக்கு அந்தச் சலுகை உதவும், காதில் வைத்த போனுக்கு உதவாது.

மேப் சொல்கிறதே என்று மலைப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையே திம்பம் பாதையிலும், முதுமலை தாண்டிப் பந்திப்பூர் காட்டுக்குள்ளும் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுப் பாதையில் வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. திரையில் தூரம் குறைவாகத் தெரிவது கல்லட்டிதான். தலைகுந்தா செக்போஸ்டில் திருப்பி அனுப்பிய பிறகு கூடலூர் வழியாகச் சுற்றிப் போவதைவிட, புறப்படும்போதே கூடலூரை இடையில் ஒரு நிறுத்தமாகச் சேர்த்துவிடுங்கள்.